ஜன்னல் வழியே துண்டு போட்டவர்கள்

பொங்கலுக்கு முந்தின ராத்திரி ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு இடம் பிடிக்கும் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பஸ் நிற்கக்கூடத் தேவையில்லை. ஜன்னல் வழியே ஒரு துண்டை எறிந்தால் சீட் உங்களுடையது. துண்டு இல்லாதவர் கைக்குட்டை போடுவார், கைக்குட்டையும் இல்லாதவர் பெற்ற பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே செருகுவார். இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்கள், எந்தக் கெஜட்டில் வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இன்டர்நெட்டும் தன் முதல் பதினைந்து வருஷத்தை இந்தச் சட்டத்தின் கீழ்தான் ஓட்டியது. அங்கே முதல் பத்து வருஷம் டிக்கெட்டும் கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் நான் தோண்டித் துருவ வேண்டி வந்தது அத்தானால். அக்காவைக் கட்டிக்கொடுத்த திருநெல்வேலி வீட்டில் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம். கடைக்குக் குலதெய்வத்தின் பெயர். பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேர் துண்டு போடுவார்கள். ஒருநாள் இரவு பத்து மணிக்கு போன்.

“மாப்ள, நம்ம கடைப் பேர்ல டாட் காம் போட்டுப் பாத்தேன். எவனோ வச்சிருக்கான்லா!”

“என்ன விக்கிறான் அத்தான்?”

“ஒண்ணுமே விக்கல. நம்ம பேரத்தான் விக்கிறான்.”

டொமைன் பெயர்களின் ஆக்கிரமிப்பு வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எந்த நீதிபதியும் எழுதியதில்லை. ஆனால் அத்தான் அத்துடன் விடவில்லை. “இதுக்கு ஒரு நியாயம் கெடையாதா?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் 1985-க்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த வருஷம் மார்ச் 15-ம் தேதி அமெரிக்காவில் சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி உலகத்தின் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. வருஷம் முடிவதற்குள் மேலும் ஐந்து பேர் வந்தார்கள். ஆக ஆறு பேருக்கு ஒரு பஸ். யார் வேண்டுமானாலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போயிருக்கலாம். பெயர் பதியக் காசும் கிடையாது, ‘உனக்கும் இந்தப் பெயருக்கும் என்ன உறவு’ என்ற கேள்வியும் கிடையாது. முந்தியவருக்கு முதல் சீட், அவ்வளவுதான். (அந்த முதல் பெயரே பிற்பாடு, 2009-ல், பெயர்களை வாங்கிப்போடும் ஒரு முதலீட்டாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. குலத்தின் மூத்த வீடே தரகர் கையில்!) 1995 செப்டம்பரில்தான் பதிவுக் கம்பெனி விழித்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று உண்டியலைக் குலுக்க ஆரம்பித்தது. அதுவரை புறம்போக்கு நிலத்தை ஏக்கர் ஏக்கராக, இலவசமாக, கேட்டவருக்கெல்லாம் பட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கத்தான் ஆள் வரவில்லை.

பெரிய முதலாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஊருக்குச் சொன்னவர் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகைக்காரர். 1994-ல் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: உலகமெல்லாம் பர்கர் விற்கும் மெக்டொனால்ட்ஸுக்குச் சொந்தமாக ஒரு டாட் காம் இருக்கிறதா? இல்லை. மனிதர் நல்லவர். கம்பெனிக்கே போன் போட்டு ‘ஐயா, உங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது’ என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள், இன்டர்நெட் என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்கிற ரீதியில் விசாரித்தார்கள். குவிட்னர் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைத் தானே பதிந்துகொண்டார். பிறகு ‘வயர்டு’ பத்திரிகையில் முழுக் கதையையும் எழுதி, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம் என்று வாசகர்களிடம் யோசனை வேறு கேட்டார். திருடன் திருடிய வீட்டு வாசலில் நின்று தண்டோரா போட்ட சம்பவம் அதற்கு முன்பு நடந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் புரூக்ளினில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்ய 3,500 டாலர் கொடுக்கச் சம்மதித்த பிறகே மெக்டொனால்ட்ஸுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. துண்டுக்கு முதன்முதலில் வந்த நல்ல விலை அது. அதையும் வாங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதால் நான் அந்த ஆளைத் திட்டுவதில்லை.

அதே வருஷம் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் இரண்டு ‘டுட்டோரியல்’ கம்பெனிகள், கப்லன், பிரின்ஸ்டன் ரிவ்யூ. நம்மூரில் எதிரெதிர் மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு முறைத்துக்கொள்ளும் டியூஷன் சென்டர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிரின்ஸ்டன் ரிவ்யூக்காரர்கள் கப்லன் டாட் காம் என்ற பெயரைத் தாங்களே பதிந்து, கப்லனைத் தேடி வருகிறவர்களுக்குக் கப்லனின் குறைகளை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்லன் கொதித்தது. ‘சரி, ஒரு பெட்டி பீர் கொடுங்கள், பெயரைத் தந்துவிடுகிறோம்’ என்றார் பிரின்ஸ்டன் ரிவ்யூவின் தலைவர் ஜான் காட்ஸ்மன். உலக வர்த்தக வரலாற்றில் இத்தனை மலிவான சமாதானம் பேசப்பட்டதில்லை. கப்லன் மறுத்துவிட்டது. மத்தியஸ்தர்கள் முன் போய் வாதாடி, ஜெயித்துப் பெயரை வாங்கியது. வக்கீல்களுக்கு அழுதது எத்தனை பெட்டி பீர் என்று யாரும் கணக்குக் காட்டவில்லை.

இவர்களெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள். தொழிலாகச் செய்தவர் என்று பார்த்தால் இல்லினாய் மாகாணத்து டென்னிஸ் டோப்பன்தான் நமக்கு ஆதிகுரு. நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை வளைத்துப் போட்டிருந்தார். விமானக் கம்பெனி, துணிக்கடை, குழாய்க் கம்பெனி என்று பேதமில்லை. சினிமாக் கேமரா செய்யும் பனாவிஷன் கம்பெனி 1995-ல் தன் பெயரைப் பதியப் போனபோது அந்த சீட்டில் டோப்பனின் துண்டு கிடந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் கேமரா இல்லை. இல்லினாயில் ‘பானா’ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரை ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. பனா, விஷன்! பானா ஊரின் தரிசனம்! தமிழில் சிலேடைக் கவிகள் அருகிப்போய்விட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் இந்த மனிதருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

பனாவிஷன் வக்கீல் நோட்டீஸ் விட்டது. டோப்பன் பதில் எழுதினார். அந்தக் கடிதம் கோர்ட்டு தீர்ப்பிலேயே ஏறிவிட்டது. சாரம் இதுதான்: உங்கள் வக்கீல் வழக்குப் போடச் சொல்கிறாரென்றால், உங்கள் காசில் அவர் சட்டத்தில் புதுப் பாதை போடப் பார்க்கிறார், அவர் ஒரு புதுப் படகு வாங்க நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? 13,000 டாலர் கொடுங்கள், காரியம் முடிந்தது. உங்களுடையது என்று நீங்கள் சொல்லும் வேறு பெயர்கள் பக்கமும் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

துண்டுக்காரர்களின் முழு சாஸ்திரமும் இந்த ஒரு கடிதத்தில் அடக்கம். பெயரின் மதிப்பு என்ன, அதை வைத்து எதிராளி எவ்வளவு சம்பாதிப்பான் என்பதெல்லாம் கணக்கே இல்லை. எதிராளி வக்கீலுக்கு எவ்வளவு அழ வேண்டியிருக்கும்? அதற்குக் கொஞ்சம் கீழே விலை வை. இன்டர்மேட்டிக் என்ற கம்பெனியிடம் 10,000, அமெரிக்கன் ஸ்டாண்டர்டு என்ற கம்பெனியிடம் 15,000 என்று அவர் சொன்ன விலைகளைப் பாருங்கள். மனிதர் வக்கீல் ஃபீஸை நாடி பிடித்துப் பார்த்து வைத்திருக்கிறார்.

பனாவிஷன் பணம் தர மறுத்தது. டோப்பன் உடனே அவர்களுடைய இன்னொரு கேமராவின் பெயரான பனாஃப்ளெக்ஸையும் பதிந்து, அந்தப் பக்கத்தில் ‘ஹலோ’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுவைத்தார். மேல்முறையீடு வரை போய் 1998-ல் பனாவிஷன் ஜெயித்தது. வக்கீல் படகு வாங்கினாரா என்று தீர்ப்பில் இல்லை. டோப்பனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் பஸ், துண்டு என்று உவமை சொல்லிக்கொண்டிருக்கிறேன்; அந்த மனிதர் நிஜமாகவே ஒரு பஸ் கம்பெனி வைத்திருந்தார்! கல்லூரி மாணவர்களைச் சிகாகோ பக்கம் கொண்டுபோய் விடும் பஸ். அந்தக் கம்பெனி தன் பயணிகள் பலர் மீதே வழக்குப் போட்டுப் பெயர்பெற்றது. 2019-ல் மூடிவிட்டார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்தார்கள். ‘ஒன் இன் எ மில்லியன்’ என்ற கம்பெனி மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர், பிரிட்டிஷ் டெலிகாம் போன்றவர்களின் பெயர்களைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கூட்டத்தார் பர்கர் கிங்குக்கு எழுதிய கடிதத்தில் பெயருக்கு விலை 25,000 பவுண்டு, ‘வாட்’ வரி தனி என்று இருந்தது. அடுத்தவன் பெயரை விற்கும்போதும் அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதில் கைவைக்காத கண்ணியம்! 1998-ல் அங்கேயும் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப் பிடித்துவைத்த பெயர் மோசடிக்கான கருவி என்று சொல்லித் துண்டுகளை உதறியது.

1999-ல் சட்டங்கள் வந்தன. அமெரிக்கா நவம்பரில் தனிச் சட்டமே போட்டது: கெட்ட எண்ணத்தோடு பிடித்த ஒவ்வொரு பெயருக்கும் 1,000 முதல் 1,00,000 டாலர் வரை தண்டம். உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் மேஸ்திரியான ஐக்கான் அமைப்பு, கோர்ட்டுக்குப் போகாமல் பஞ்சாயத்திலேயே தீர்க்க ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பஞ்சாயத்தின் பெரிய ஆலமரம் ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில். புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: அந்தப் பெயர் என் வணிகமுத்திரையை அப்படியே, அல்லது குழப்பம் வரும்படி, ஒத்திருக்கிறது, வைத்திருப்பவனுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறான்.

ஆலமரத்தடிக்கு முதலில் வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மல்யுத்தக்காரர்கள். நாமெல்லாம் டிவியில் பார்த்துவிட்டுத் தலையணையோடு மோதிய அதே வேர்ல்டு ரெஸ்லிங் ஃபெடரேஷன். கலிஃபோர்னியாவில் ஒருவர் 1999 அக்டோபரில் அவர்கள் பெயரைப் பதிந்து, மூன்றே நாளில் 1,000 டாலருக்குத் தருகிறேன் என்று எழுதிவிட்டார். மூன்று நாள்! முட்டை அடைகாக்கக்கூட இருபத்தொரு நாள் ஆகும். 2000 ஜனவரியில் பெயர் மல்லர்களுக்கே என்று தீர்ப்பானது. ஆனால் தெய்வம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய ‘டபிள்யூ டபிள்யூ எஃப்’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் காட்டு விலங்குகளைக் காக்கும் நிதியத்துக்கும் உண்டல்லவா? பாண்டா கரடிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2002-ல் மல்லர்கள் ‘எஃப்’ என்ற எழுத்தைக் கழற்றிவிட்டு ‘இ’ என்ற எழுத்தை மாட்டிக்கொண்டார்கள். இரும்பு நாற்காலியால் அடித்தாலும் விழாதவர்களைச் சாய்த்தது மூங்கில் தின்னும் ஒரு கரடி.

அடுத்து ஆஸ்திரேலியாவின் டெலிபோன் கம்பெனி டெல்ஸ்ட்ரா வந்தது. அவர்கள் பெயரைப் பிடித்திருந்தவர் தன் நிறுவனத்தின் பெயர் ‘நியூக்ளியர் மார்ஷ்மெல்லோஸ்’ என்று பதிவில் எழுதியிருந்தார். அணுசக்தி இனிப்புப் பஞ்சு என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் யார், எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பெயரில் தளமும் இல்லை, விற்கிறேன் என்ற பேச்சும் இல்லை. துண்டு மட்டும் கிடக்கிறது. பயன்படுத்தவே இல்லையே, கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தினான் என்று எப்படிச் சொல்வது? பஞ்சாயத்தார் யோசித்து, இத்தனை மூடி மறைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் ஒருவகைப் பயன்பாடுதான் என்று தீர்த்தார்கள். ‘சும்மா இரு’ என்று உபதேசித்த நம் சித்தர்கள் ஜெனீவாவுக்குப் போயிருந்தால் அத்தனை பேரும் தோற்றிருப்பார்கள்.

டாட்டாவும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் குழந்தை கையசைத்துச் சொல்லும் அந்தச் சொல் அமெரிக்கக் கொச்சையில் பெண்களின் மார்பைக் குறிக்கும். அப்படி ஒரு பெயரில் ஓடிய ஆபாசத் தளத்தை எதிர்த்து டாட்டா சன்ஸ் 2000-ல் புகார் கொடுத்து, ஜெயித்து, பெயரைக் கைப்பற்றியது. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையின் வாரிசுகள் அதை வாங்கி எந்தப் பீரோவில் பூட்டினார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. இங்கே தலைமையகம் வைத்த சத்யம் இன்ஃபோவே, சுருக்கமாக ‘சிஃபி’. பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. சத்யம் இன்ஃபோவே என்பதைக் கத்தரித்துத் தாங்களே ஒட்டிச் செய்த சொல், எந்த அகராதியிலும் கிடையாது என்றார்கள். பிறகு பார்த்தால் இன்னொரு நிறுவனம் ஆங்கிலத்தில் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டி, ‘சிஃபிநெட்’ என்று டாட் காமும் டாட் நெட்டும் பதிந்து வைத்திருக்கிறது. வழக்கு பெங்களூரில் தொடங்கியது. இந்தச் சொல் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், எதிர்த்தரப்பு சொன்ன விளக்கம் அபாரம்: எங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐந்து பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தோம், அப்படி வந்துவிட்டது! ஐந்து பேரைப் பெற்ற ஐந்து தாய்மார்களும் பெயர் வைக்கும்போதே பேசி வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பெங்களூர் கீழ்க்கோர்ட்டு சிஃபி பக்கம். கர்நாடக உயர்நீதிமன்றம் எதிர்ப்பக்கம். கடைசியில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிஃபி பக்கம். நீதிபதிகள் அந்த ஐந்தெழுத்து மந்திரத்தில் மயங்கவில்லை. அதைவிட முக்கியம், நம் நாட்டில் டொமைன் பெயருக்கென்று தனிச் சட்டமே இல்லாவிட்டாலும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று ஏமாற்றி விற்பதைத் தடுக்கும் பழைய சட்ட விதி இதற்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். போலி மிளகாய்ப்பொடி பாக்கெட்டுக்காரனைப் பிடிக்கும் அதே கயிறு.

இவ்வளவையும் அத்தானிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒப்பித்தேன். “அப்ப நாம ஜெயிச்சிருவோம்லா” என்றார். இல்லை என்று சொல்ல இரண்டு கதை வைத்திருந்தேன்.

முதல் கதை பாடகர் ஸ்டிங். உலகப் புகழ். 2000-ல் தன் பெயரிலான டாட் காமைக் கேட்டு ஜெனீவா போனார். ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்’ என்றால் கொட்டுதல். தேளும் தேனீயும் ஆதிகாலம் முதல் செய்து வருவது. சாதாரண அகராதிச் சொல்லை நீங்கள் ஒருவரே எடுத்துக்கொள்ள முடியாது, வைத்திருப்பவரின் கெட்ட எண்ணமும் நிரூபணமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்டிங்குக்கே அந்தக் கதி என்றால், தமிழ்நாட்டில் மளிகைக் கடை முதல் மார்பிள் கடை வரை போர்டில் இருக்கிற சாமி பெயரை வைத்துக்கொண்டு அத்தான் என்ன வாதாடுவார்? சாமியே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும், எந்தக் கிளைக் கோயில் சாமி என்று கேட்பார்கள்.

இரண்டாவது கதையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஜெருசலேமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் உசி நிசான். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். ஹீப்ரு நாட்காட்டியில் ஒரு மாதத்தின் பெயரும்கூட. நம்மூரில் ‘ஆவணி’, ‘மார்கழி’ போல. 1980-ல் வட கரோலினாவில் தன் பெயரிலேயே கார் ரிப்பேர் தொழில் தொடங்கினார். அந்தச் சமயம் ஜப்பான்காரர்கள் அமெரிக்காவில் தங்கள் கார்களை ‘டாட்சன்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1991-ல் நிசான் கம்ப்யூட்டர் என்று கடை. 1994-ல் நிசான் டாட் காம். சொந்தப் பெயர், சொந்தக் கடை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் பதிந்தது. துண்டு போட்டு இடம் பிடித்தவர் அல்ல, ஏறி உட்கார்ந்திருந்தவர்.

1999 டிசம்பரில் கார் கம்பெனி 1 கோடி டாலர் கேட்டு அவர் மீது வழக்குப் போட்டது. மேலே சொன்ன அதே புது அமெரிக்கச் சட்டம், ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து சொந்தக்காரர்களைக் காக்க வந்தது, மசி காய்வதற்குள் சொந்தப் பெயர்க்காரன் மேலே பாய்ந்தது. அவர் பக்கமும் ஒரு சின்னச் சறுக்கல்: தளத்தில் கொஞ்ச காலம் கார் சம்பந்தமான விளம்பரங்கள் ஓடவிட்டிருந்தார், அது தப்பு என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் பெயரைப் பிடுங்க முடியவில்லை. ஏழெட்டு வருஷம் இழுத்தது. தனக்குச் சுமார் 30 லட்சம் டாலர் செலவானதாக அவர் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் வியாபாரம் தேய்ந்தது. தளமே வழக்கின் கதை சொல்லும் கல்வெட்டாக மாறிவிட்டது. உலகின் மாபெரும் கார் கம்பெனிகளில் ஒன்று, தன் பெயரோடு தேசத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. 2020-ல் கொரோனாவில் அவர் இறந்தபோதும் அந்தப் பெயர் அவரிடம்தான் இருந்தது. டோப்பனின் கடிதத்தில் வரும் அந்த வக்கீல் படகு ஞாபகம் இருக்கிறதா? இந்த மனிதர் ஒரு கப்பலே வாங்கிக் கொடுத்திருப்பார்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவன் எவ்வளவு கேக்கான்னு கேட்டுப் பாப்பமே” என்றார்.

இங்கேதான் நான் ஊரில் இல்லாமல் போனது தப்பாகிவிட்டது. கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கடைப் பெயர் தெரியாத ஒரு மெயிலிலிருந்து, ஏதோ ஸ்கூல் பிள்ளையின் ப்ராஜெக்டுக்குக் கேட்பதுபோல, தூக்கக் கலக்கத்தில் கேட்க வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் பரம்பரை நாம். முகத்தில் ஆசையைக் காட்டலாமா? வைத்திருப்பவன் முதலில் சொன்ன விலை 1,400 டாலர். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஜெனீவாப் பஞ்சாயத்தில் ஒரு நடுவர் முன் புகார் வைக்கக் கட்டணம் 1,500 டாலர். டோப்பனின் சீடன்!

நான் அடுத்த வாரம் நிதானமாக 200-ல் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அத்தான், கடையின் லெட்டர்பேடில், சாமி படத்தோடு, ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம், நான்கு கிளைகள், வெளிநாட்டு ஏற்றுமதி விரைவில்’ என்ற முத்திரை வாக்கியத்தோடு, அந்தப் பெயர் தங்களுக்கு உயிருக்குச் சமம் என்று எழுதி, ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டார். பதில் ஒரே வரியில் வந்தது. விலை 4,000 டாலர்.

“நம்ம பாரம்பரியத்தச் சொன்னா மதிப்பான்னு நெனச்சேன் மாப்ள.”

“மதிச்சிட்டான் அத்தான். அந்த மதிப்புதான் இது.”

இனி ஒரே வழி, அவன் புதுப்பிக்க மறக்கும்வரை காத்திருப்பது. மறப்பானா என்று கேட்காதீர்கள்; பெரிய இடங்களிலேயே மறந்திருக்கிறார்கள். 1999 கிறிஸ்துமஸுக்கு மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காமுக்கு 35 டாலர் கட்ட மறந்து ஹாட்மெயிலே தடுமாறியது. ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டிலிருந்து அந்தக் காசைக் கட்டிக் காப்பாற்றினார். மைக்ரோசாஃப்டை லினக்ஸ்காரர் காப்பாற்றுவது, மாமியாருக்கு மருமகள் கிட்னி கொடுப்பதுபோல. 2015-ல் குஜராத்திலிருந்து போன சன்மய் வேத் என்பவர் கூகுள் டாட் காமையே 12 டாலருக்கு வாங்கி ஒரு நிமிஷம் சொந்தக்காரராக இருந்தார். கூகுள் வியாபாரத்தை ரத்து செய்து அவருக்கு 6,006.13 டாலர் வெகுமதி கொடுத்தது. அந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ‘கூகுள்’ என்று படிக்கலாமாம். அவர் அதை தர்மத்துக்குக் கொடுக்கச் சொன்னதும் தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

ஆனால் சாதாரணப் பெயர் காலாவதியானால் அன்றைக்கே கைக்கு வராது. முதலில் பதிவுக் கம்பெனி தன் பங்குக்குச் சில வாரம் வைத்திருக்கும். பிறகு பழைய ஆள் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள். அதற்கப்புறம் அழிப்புக்கு முன் 5 நாள். கிட்டத்தட்ட பதினாறாம் நாள் காரியம், மாசிகம், எல்லாம் முடிந்துதான் விடுதலை. விடுபடுகிற அந்த நொடியில் பிடிக்க, கம்ப்யூட்டர்களை வரிசையாக நிறுத்திக் காத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அத்தானும் மொபைலில் அலாரம் வைத்துக் காத்திருந்தார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவன் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிட்டான். நம் லெட்டர்பேடு கொடுத்த தெம்பு.

ஒருவழியாக டாட் இன் என்று முடியும் பெயரை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவைத்தேன். சில நூறு ரூபாய். கையோடு வணிகமுத்திரைக்கும் விண்ணப்பித்தோம். சின்னக் கடைகளுக்கு ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம், தாத்தா காலத்திலேயே செய்திருக்க வேண்டியது. சாமி பெயரோடு தாத்தாவின் இனிஷியலையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டதில் பெயர் கொஞ்சம் நீளமாகிவிட்டது. எண்ணெய் டின்னில் சுற்றிவந்துதான் படிக்க வேண்டும். பரவாயில்லை, நம்முடையது.

பணம் கட்டியது என் கார்டில். போன மாதம் பதிவுக் கம்பெனியின் பில் வந்தது. ஒரு பெயர் வாங்கியதற்கு இரண்டு பெயருக்குப் பில். இரண்டாவது பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். யோசித்தால், அத்தான் கடைக்கு நேர் எதிரே ரோட்டின் அந்தப் பக்கம், போன வருஷம் புதிதாகத் திறந்த செக்கு எண்ணெய்க் கடை.

போன் போட்டேன்.

“அது சும்மா கெடக்கட்டும் மாப்ள. துண்டுதான.”

“அவங்க கேட்டா எவ்வளவு சொல்லப் போறீங்க?”

“அவசரம் இல்ல. இந்த மாதிரி கேஸுக்கு நம்மூர் வக்கீல் எவ்வளவு வாங்குவாருன்னு மட்டும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு.”